டெல்லி, ஏப்ரல் 1960: நேருவும் சூ என்லாயும் ஏன் உடன்பாட்டுக்கு வரவில்லை?

சீனப் பிரதமர் சூ என்லாய் 1960 ஏப்ரல் 19 அன்று டெல்லி வந்து சேர்ந்தார். வெளியுறவு அமைச்சர் சென் யீயும் உடன் வந்திருந்தார். ஏப்ரல் 25 வரை தங்கிய அந்த நாட்களில் நேருவும் அவரும் சுமார் 20 மணி நேரம் நேருக்கு நேர் பேசினார்கள். கடைசியில் வெளியான கூட்டறிக்கையில் எல்லையைப் பற்றி எந்த உடன்பாடும் இல்லை. இரு நாட்டு அதிகாரிகளும் கூடி ஆவணங்களை ஆராய்ந்து அறிக்கை தருவார்கள் என்பதுதான் அதில் இருந்த ஒரே செயல்திட்டம். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபர் 20 அன்று, போர் தொடங்கியது.

இந்தத் தோல்விக்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. சீனா ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றியது என்பது ஒன்று. நேரு பிடிவாதமாக இருந்து நல்ல வாய்ப்பைத் தவறவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அந்த ஒரு வாரத்தில் அந்த அறைக்குள் நடந்ததை மட்டும் பார்க்கின்றன. கடிதங்களையும் தேதிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது விட்டுக்கொடுப்பதற்கான இடம் இருவர் கையிலுமே இல்லை. அந்த இடம் முந்தைய ஆறு ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செலவாகிவிட்டது. பேச்சு முறிந்த இடம் டெல்லி. அதற்கான காரணங்களைத் தேட 1954க்குப் போக வேண்டும்.

எதைப் பற்றிய தகராறு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகராறு முக்கியமாக இரண்டு பகுதிகளில். கிழக்கே அன்று நேஃபா என்று அழைக்கப்பட்ட, இன்றைய அருணாசலப் பிரதேசம். சுமார் 90,000 சதுர கிலோமீட்டர். மேற்கே லடாக்கை ஒட்டிய அக்சாய் சின். சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். நடுவிலும் சில கணவாய்கள் குறித்துச் சச்சரவு உண்டு, ஆனால் அவை பெரிய தடை அல்ல.

கிழக்கில் இந்தியா சொன்ன எல்லை மக்மகான் கோடு. 1914இல் சிம்லா மாநாட்டையொட்டி பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டு ஏற்ற கோடு அது. அந்த மாநாட்டின் உடன்படிக்கை வரைவில் சீனப் பிரதிநிதி சுருக்கொப்பம் இட்டார்; அவருடைய அரசு அதை ஏற்கவில்லை. ஆனாலும் 1950களில் அந்தப் பகுதியின் நிர்வாகம் இந்தியாவிடம்தான் இருந்தது.

மேற்கில் நிலைமை தலைகீழ். பிரிட்டிஷார் காலத்திலேயே அங்கே ஒரே கோடு இருந்ததில்லை. 1865 அளவையில் ஜான்சன் என்ற பிரிட்டிஷ் அளவையாளர் வரைந்த கோடு அக்சாய் சின்னை காஷ்மீரோடு சேர்த்தது. 1899இல் பிரிட்டன் சீனாவுக்கு அனுப்பிய முன்மொழிவு அதில் பெரும்பகுதியைச் சீனப் பக்கம் விட்டது. சீனா அதற்குப் பதில் சொல்லவேயில்லை. சுதந்திர இந்தியாவின் ஆரம்பகால அதிகாரபூர்வ வரைபடங்களில் இந்தப் பகுதி எல்லை வரையறுக்கப்படாதது என்றே குறிக்கப்பட்டிருந்தது. அங்கே நிரந்தரக் குடியிருப்பு இல்லை. ஆனால் சின்ஜியாங்கையும் மேற்குத் திபெத்தையும் இணைக்கச் சீனாவுக்கு இருந்த வசதியான வழி அது ஒன்றுதான்.

ஆக இருவருக்கும் தேவையான நிலம் ஏற்கெனவே அவரவர் கையில். எளிதில் தீர்ந்திருக்க வேண்டிய தகராறு போலத்தான் தோன்றுகிறது.

பேசாமல் விட்ட ஆறு ஆண்டுகள்

1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் திபெத் வணிகம் குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பஞ்சசீலக் கொள்கை இடம்பெற்ற ஒப்பந்தம் அதுதான். திபெத் சீனாவின் பகுதி என்பதை இந்தியா அதில் ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷாரிடமிருந்து வந்த சலுகைகளையும் விட்டுக்கொடுத்தது. இந்தியாவிடம் கொடுப்பதற்குப் பெரிதாக ஏதாவது இருந்த ஒரே தருணம் அது. அப்போது எல்லைப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று டெல்லி முடிவு செய்தது. நாம் எழுப்பினால் எல்லை பேச்சுக்குரியது என்று ஆகிவிடும், எழுப்பாமல் விட்டால் நம் நிலைப்பாடு தானாகவே நிலைபெறும் என்பது கணக்கு. சீனாவும் எழுப்பவில்லை. அப்போது அதற்கான சூழல் கனியவில்லை என்று சூ என்லாய் பின்னாளில் எழுதினார்.

அதே ஆண்டு ஜூலையில் நேரு ஒரு குறிப்பு அனுப்பினார். பழைய வரைபடங்களைத் திரும்பப் பெற வேண்டும். புதியவற்றில் வடக்கு எல்லை உறுதியான கோடாக இருக்க வேண்டும். அந்த எல்லை யாருடனும் விவாதத்துக்கு உரியதல்ல. அன்றுவரை வரையறுக்கப்படாதது என்றிருந்த லடாக் பகுதியும் அதன்பின் உறுதியான கோடானது. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் மிக முக்கியமான ஆவணம் இதுதான். மறுபக்கத்திடம் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நாடு தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டு இது. நோக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. பலவீனமான நாடு சட்டப்பூர்வமான உறுதியைத் தேடுவது இயல்புதான். ஆனால் ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து வளரப்போகிறார்கள். அதில் ஒரு அங்குலம் மாறினாலும் அது அவர்களுக்கு நாட்டை இழப்பதாகத்தான் தெரியும்.

சீனாவும் இதே காலத்தில் மறைத்துத்தான் நடந்துகொண்டது. 1954 அக்டோபரில் பீஜிங் போன நேரு, சீன வரைபடங்களில் இந்தியப் பகுதிகள் சீனாவோடு காட்டப்படுவதைக் குறிப்பிட்டார். அவை பழைய ஆட்சிக்காலத்து வரைபடங்கள், திருத்த நேரம் கிடைக்கவில்லை என்று சூ என்லாய் பதில் சொன்னார். 1956 கடைசியில் இந்தியா வந்தபோது, மக்மகான் கோடு நியாயமானதல்ல என்றாலும் நடைமுறையில் அது இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற தொனியில் அவர் பேசியதாக நேரு பின்னர் எழுதினார். ஆனால் மேற்கில் அக்சாய் சின் வழியாகச் சாலை போடப்பட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. 1957இல் அந்தச் சாலை முடிந்ததாகச் சீனாவே அறிவித்த பிறகுதான் டெல்லிக்குச் சந்தேகம் வலுத்தது. 1958இல் அனுப்பப்பட்ட இந்திய ரோந்துக் குழுக்களில் ஒன்றைச் சீனர்கள் பிடித்து வைத்தார்கள். அக்டோபர் 18 அன்று இந்தியா சாலைக்கு எதிர்ப்புத் தெரிவித்து ஒரு குறிப்பு அனுப்பியது. அதுவும் பொதுமக்களுக்குத் தெரியாது.

இரு தரப்பும் மௌனத்தைத் தமக்குச் சாதகமாகப் படித்தன. சீனா எதிர்க்காததால் நம் கோட்டை ஏற்றுவிட்டது என்று டெல்லி எடுத்துக்கொண்டது. டெல்லி அக்சாய் சின்னில் யாரையும் நிறுத்தாததால் அதற்கு அங்கே உண்மையான அக்கறை இல்லை என்று பீஜிங் எடுத்துக்கொண்டது. 1958 டிசம்பர் 14 அன்று நேரு எழுதிய கடிதத்துக்கு 1959 ஜனவரி 23 அன்று சூ என்லாய் பதில் எழுதினார். இந்திய–சீன எல்லை ஒருபோதும் முறைப்படி வரையறுக்கப்பட்டதில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து ஆண்டுகள் ஒரே விஷயத்தைப் பேசுகிறோம் என்று நினைத்திருந்த இருவரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெளிவானது. ஒருவருக்கு எல்லை ஏற்கெனவே முடிவானது, சில மைல் அளவிலான சிறு திருத்தங்கள் பற்றி மட்டும் பேசலாம். மற்றவருக்கு எல்லையே இனிமேல்தான் போடப்பட வேண்டும்.

1959: கதவுகள் அடைபட்ட ஆண்டு

மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி வெடித்தது. மாத இறுதியில் தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்தார். கிளர்ச்சிக்குப் பின்னால் இந்தியாவின் கை இருக்கிறது என்று பீஜிங் நம்பத் தொடங்கியது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பது வேறு விஷயம். எல்லை பற்றி இந்தியா சொல்லும் ஒவ்வொன்றையும் திபெத்தின் கண்ணாடி வழியாகவே அதன்பின் அவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் பேச்சுவார்த்தைக்கு முக்கியம். ஆகஸ்ட் கடைசியில் கிழக்கே லோங்ஜுவில் துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 21 அன்று லடாக்கில் கோங்கா கணவாய் அருகே இந்தியக் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். இன்றும் அந்த நாள்தான் நாடு முழுவதும் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது.

இந்த இரண்டு மோதல்களுக்கும் நடுவில் நேரு எடுத்த ஒரு முடிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 7 அன்று, 1954 முதல் சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாக அவர் நாடாளுமன்றத்தில் வைத்தார். ஜனநாயகத்தில் அது சரியான செயல்தான். நாட்டின் நிலத்தைப் பற்றிய தகராறு இத்தனை ஆண்டுகளாக மறைக்கப்பட்டிருந்தது என்ற கோபம் நியாயமானது. நாடாளுமன்றத்துக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. ஆனால் அது வந்த நேரம் பாதகமானது. தொடக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருந்தால் நாடு சிக்கலை அதன் முழு வடிவத்தில், 1899 முன்மொழிவு உட்பட, மெதுவாகப் புரிந்துகொண்டிருக்கும். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ஒரே நாளில், ஒருதலைப்பட்சமான துரோகத்தின் சான்றாக அது வெளியானது. அதன் பிறகு போன ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு வாசகர்கள் இருந்தார்கள். பீஜிங்கில் ஒருவர், இந்திய நாளிதழ்களில் பல லட்சம் பேர். இரண்டாவது வாசகருக்காக எழுதப்படும் கடிதத்தில் நெளிவுசுளிவு இருக்காது.

அந்த மாதமே நேரு மாநிலங்களவையில் அக்சாய் சின் பற்றிப் பேசும்போது அங்கே ஒரு புல்கூட முளைக்காது என்றார். அந்த நிலத்தின் மதிப்பு பற்றி அவருக்குள் தயக்கம் இருந்தது என்பதற்கு இது ஒரு தடயம். ஆனால் அந்த வாக்கியம் அவருக்கு எதிராகத்தான் பயன்பட்டது. பேரம் பேச அவருக்கிருந்த கொஞ்சநஞ்ச இடமும் அந்த விவாதங்களில் குறைந்துபோனது.

நவம்பர் 7 அன்று சூ என்லாய் ஒரு யோசனை அனுப்பினார். கிழக்கில் மக்மகான் கோட்டிலிருந்தும் மேற்கில் அவரவர் கட்டுப்பாட்டில் உள்ள கோட்டிலிருந்தும் இரு படைகளும் 20 கிலோமீட்டர் பின்வாங்கலாம், பிரதமர்கள் சந்திக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானது. டெல்லியிலிருந்து பார்த்தால், சாலை போட்டுப் பிடித்த இடத்தைக் கட்டுப்பாட்டுக் கோடு என்று நாமே ஒப்புக்கொள்வதாக ஆகும். நவம்பர் 16 அன்று நேரு மாற்று யோசனை சொன்னார்: லடாக்கில் இந்தியப் படை சீனா உரிமை கோரும் கோட்டுக்கு மேற்கே போகும், சீனப் படை இந்தியா உரிமை கோரும் கோட்டுக்குக் கிழக்கே போகட்டும். இதில் இந்தியா விட்டுப்போக அங்கே பெரிதாக எதுவும் இல்லை. சீனா தன் சாலையை விட்டுப்போக வேண்டும். ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் கணக்கில் சமரசம், அடுத்தவர் கணக்கில் சரணாகதி.

டிசம்பர் 26 அன்றே ரங்கூனில் சந்திக்கலாம் என்று சீனா கேட்டது. உண்மைகளிலேயே இவ்வளவு முரண்பாடு இருக்கும்போது கொள்கைகளில் எப்படி உடன்பட முடியும் என்று நேரு மறுத்தார். 1960 பிப்ரவரியில் மனம் மாறி அழைப்பு அனுப்பியபோதும், முழு எல்லையும் வரையறுக்கப்படாதது என்ற அடிப்படையில் பேரம் சாத்தியமில்லை, ஆனாலும் சந்திப்பது நல்லது என்றே எழுதினார். இதற்குள் அவர் நம்பிக்கை உறுதிப்பட வேறொரு காரணமும் சேர்ந்திருந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுத் தலைவர் சர்வபள்ளி கோபால் லண்டன் ஆவணக் காப்பகங்களைப் பார்த்துவிட்டு வந்து, அக்சாய் சின்னில் இந்தியாவின் உரிமைக் கோரிக்கை சீனாவுடையதைவிட வலுவானது என்று சொன்னார். சட்டத்தில் நாம்தான் சரி என்று நம்புகிறவர் சமரசத்தை நியாயத்துக்கு எதிரானதாகவே பார்ப்பார். நேருவுக்கு அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

நீதிமன்றம் போட்ட பூட்டு

இந்த எல்லைத் தகராறைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் தவறவிடும் ஒரு தேதி 1960 மார்ச் 14. அன்று உச்ச நீதிமன்றம் பெருபாரி விவகாரத்தில் தன் கருத்தைச் சொன்னது. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசின் முடிவோ சாதாரணச் சட்டமோ போதாது, அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும் என்றது நீதிமன்றம்.

சூ என்லாய் வர இன்னும் ஐந்து வாரம். அக்சாய் சின் இந்திய நிலம் என்று வரைபடத்திலும் வெள்ளை அறிக்கையிலும் நாடாளுமன்றத்திலும் சொல்லியாகிவிட்டது. அதில் ஒரு பகுதியை விட வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தக் காங்கிரசுக்குள்ளேயே உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் போன்றவர்கள் எந்தச் சலுகைக்கும் எதிராக இருந்தார்கள். எதிர்க்கட்சிகள் சந்திப்புக்கு முன்பே நேருவிடம் உறுதிமொழி கேட்டன. நேரு மனதார ஒரு பரிமாற்றத்தை விரும்பியிருந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நிறைவேற்ற முடியுமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்காது.

சீனாவின் கையும் கட்டப்பட்டிருந்தது

நம் பக்கக் கதைகளில் சீனா எப்போதும் எதையும் செய்யக்கூடிய ஒற்றை மனிதர் போலத் தோன்றும். அது சரியல்ல. மக்மகான் கோட்டை அந்தப் பெயரோடு ஏற்றால், 1914இல் திபெத் தனியாக ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் பெற்றிருந்தது என்று ஏற்றதாகும். லாசா கிளர்ச்சி முடிந்து ஓராண்டே ஆகியிருந்த நேரத்தில் எந்தச் சீனத் தலைவராலும் அதைச் செய்ய முடியாது. அக்சாய் சின் சாலையும் திபெத்தில் படைகளுக்குப் பொருள் கொண்டுபோகும் உயிர்நாடி. அதோடு, 1959 செப்டம்பரில் சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் இரு நாடுகளையும் சமமாக வைத்து வருத்தம் தெரிவித்தது. தன் கூட்டாளியே கைவிட்டதாகச் சீனா இதை எடுத்துக்கொண்டது. தனிமைப்பட்ட உணர்வு ஒரு நாட்டைச் சில சமயம் சமரசத்துக்குத் தள்ளும். 1960 தொடக்கத்தில் சீனா அண்டை நாடுகளோடு வரிசையாக உடன்பாடு தேடியதில் அது தெரிகிறது. ஆனால் சமரசம் செய்தாலும் பணிந்ததாகத் தெரியக்கூடாது.

அந்த ஒரு வாரம்

முந்தைய வருகைகளில் சூ என்லாயைப் பார்க்கத் திரண்ட கூட்டமும் முழக்கமும் இம்முறை இல்லை. நேருவோடு மட்டுமல்லாமல் பந்த், தேசாய், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் என்று பலரையும் அவர் தனித்தனியாகச் சந்தித்தார். விருந்தாளியாக வந்த ஒரு பிரதமர் அமைச்சர்களின் வீடுகளுக்கே போய்ப் பேசுவது வழக்கமல்ல. நேரு சம்மதித்தாலும் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும் என்பதைச் சீனத் தரப்பு புரிந்துகொண்டிருந்தது என்பதற்கு இதுவே அடையாளம். ஆனால் அந்தச் சந்திப்புகள் பலன் தரவில்லை. தேசாயோடு தலாய் லாமா விஷயத்தில் காரசாரமான வாக்குவாதம் நடந்தது.

நேருவோடு நடந்த பேச்சில் இருவரும் பெரும்பாலும் வரலாற்றைப் பேசினார்கள். எந்தக் கோடு எப்போது வந்தது, எந்த மலைமுகடு ஆறுகள் இரு பக்கமும் பிரிந்து ஓடும் நீர்ப்பிரிப்பு, எந்தக் கிராமம் யாருக்கு வரி கட்டியது. சூ என்லாயின் போக்கு ஓரளவு தெளிவாகவே இருந்தது: கிழக்கில் இந்தியாவின் நிலையை நாங்கள் அனுசரிக்கத் தயார், மேற்கில் எங்கள் நிலையை நீங்கள் அனுசரியுங்கள். ஆனால் இது கையெழுத்துப் போடக்கூடிய ஒரு திட்டமாக, கோடு வரைந்த வரைபடத்தோடு மேசையில் வைக்கப்படவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லி மறுக்கப்பட்டால், கிழக்கை விட்டுக்கொடுக்கத் தயார் என்பது மட்டும் பதிவாகி நின்றுவிடும். நேருவுக்கும் அதே பயம். மேற்கில் சிறிது நெகிழ்ந்தாலும், அது ஒப்புதலாகப் பதிவாகி, அங்கிருந்து அடுத்த கோரிக்கை தொடங்கும். 1956இல் ஒன்று சொல்லி 1959இல் வேறொன்று சொன்னவரிடம் எப்படிக் கையை நீட்டுவது? இருவருமே மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

நேருவின் தரப்பில் இன்னொரு நியாயமும் இருந்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. கிழக்கு ஏற்கெனவே இந்திய நிர்வாகத்தில் இருக்கிறது. மேற்கு, இந்தியாவின் பார்வையில், தெரியாமல் ஆக்கிரமிக்கப்பட்டது. நம்மிடம் இருப்பதை ஒப்புக்கொள்வதற்கு விலையாக, நம்மிடமிருந்து எடுத்ததை விட்டுவிட வேண்டுமா? நடைமுறைவாதிகள் இன்று அந்தப் பரிமாற்றத்தை மலிவான விலை என்கிறார்கள். அடுத்து நடந்தவற்றை அறிந்த நமக்கு அப்படித் தோன்றுவது சுலபம்.

ஏப்ரல் 25 அன்று கூட்டறிக்கை வெளியான பின், இரவு வெகுநேரம் நீடித்த செய்தியாளர் கூட்டத்தில் சூ என்லாய் ஆறு அம்சங்களை வாசித்தார். எல்லை குறித்து தகராறு இருக்கிறது. இரு தரப்பும் நிர்வகிக்கும் அசல் கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று இருக்கிறது. நீர்ப்பிரிப்பு, கணவாய் போன்ற புவியியல் விதிகள் எல்லாப் பகுதிக்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். இமயமலை, காரகோரம் மீது இரு மக்களுக்கும் உள்ள உணர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும். தீர்வு வரும்வரை அந்தக் கோட்டை மதிக்க வேண்டும், நிலக் கோரிக்கைகளை முன்நிபந்தனை ஆக்கக்கூடாது. ரோந்துகளைத் தவிர்க்க வேண்டும். நான்காவது அம்சத்தில்தான் பரிமாற்ற யோசனை ஒளிந்திருக்கிறது: இமயமலை உங்களுக்கு, காரகோரம் எங்களுக்கு. அதைத் தனியறையில் வரைபடத்தின் மேல் சொல்லியிருந்தால் ஒருவேளை வேறு பதில் வந்திருக்கலாம். நூற்றுக்கணக்கான நிருபர்களுக்கு முன்னால் சொன்னபோது நேருவுக்கு அதை மறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அடுத்த நாளே நாடாளுமன்றத்தில் அவர் கருத்து வேறுபாடுகள் அப்படியே இருப்பதாகச் சொன்னார்.

ஊடகத்தின் முன் பேசுவது பேச்சுவார்த்தையை எப்படி நெரிக்கும் என்பதற்கு 2001இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நடத்திய ஆக்ரா மாநாடு பின்னாளைய சாட்சி. ஜூலை 16 காலை இந்தியப் பத்திரிகை ஆசிரியர்களோடு பாகிஸ்தான் அதிபர் பர்வேஸ் முஷாரஃப் நடத்திய காலையுணவு உரையாடல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அன்று மாலை கூட்டறிக்கையே இல்லாமல் மாநாடு முடிந்தது. அங்கும் வரைவு வாசகங்களில் ஏற்கெனவே சிக்கல் இருந்தது. ஒளிபரப்பு அதைச் சரிசெய்யும் வழிகளைக் குறைத்தது.

பர்மாவோடு ஏன் முடிந்தது

இந்த வழக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல எதிர்மாதிரி கிடைக்கிறது. அதே சீனா, அதே சூ என்லாய், அதே ஆண்டு, ஏன், அதே மக்மகான் கோட்டின் கிழக்கு நீட்சி. 1960 ஜனவரி 28 அன்று பர்மாவின் ஜெனரல் நே வின்னோடு எல்லை உடன்பாடு; அக்டோபர் 1 அன்று முழு ஒப்பந்தம். மரபுவழி எல்லை என்ற பெயரில் சீனா அந்தக் கோட்டை அங்கே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. மக்மகான் என்ற பெயரை எழுதத் தேவையே வரவில்லை. பர்மா கச்சின் பகுதியில் சில கிராமங்களைக் கொடுத்தது. நம்வான் பகுதியைத் தக்கவைத்துக்கொள்ள அதற்கு ஈடாக வேறொரு சிறு பகுதியை விட்டது.

பர்மா பலவீனமான நாடு என்பதால் பணிந்தது என்று சொல்லிவிடலாம். அது முழு விளக்கமல்ல. பர்மா 1956 முதலே எல்லை பேச்சுக்குரியது என்று ஏற்றிருந்தது. அதனால் சிறு திருத்தம் அதன் மக்களுக்குத் துரோகமாகத் தெரியவில்லை. முதலில் கொள்கை அளவில் ஒப்புதல், பிறகு கூட்டுக் குழு நிலத்தில் இறங்கி அளவை, கடைசியில் ஒப்பந்தம் என்ற வரிசை இருந்தது. திபெத் அகதிகள் பிரச்சினையும் அங்கே இல்லை. எல்லாவற்றையும்விட, கொடுக்கும் நிலம் எது, கிடைக்கும் நிலம் எது என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். டெல்லியில் இதில் ஒன்றுகூட இல்லை.

அதிகாரிகளின் அறிக்கை

தலைவர்கள் பேசி முடியாததை அதிகாரிகளிடம் விட்டது தவறான வரிசை. பொதுவாகக் கீழிருந்து மேலே போக வேண்டும்: அதிகாரிகள் வேறுபாடுகளைக் குறைத்து, கடைசி ஒன்றிரண்டை மட்டும் தலைவர்களுக்கு விட வேண்டும். உச்சத்தில் இருப்பவர்கள் முதலில் தோற்றால் அவர்களுக்கு மேலே போக ஆள் இல்லை.

அதைவிட மோசம், அதிகாரிகளுக்குத் தீர்வு தேடும் அதிகாரம் தரப்படவில்லை. ஆவணங்களை ஆராய்ந்து, எதில் ஒத்துப்போகிறது, எதில் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பீஜிங், டெல்லி, ரங்கூன் என்று மூன்று இடங்களில் கூடி 1960 டிசம்பரில் முடித்தார்கள். காரகோரம் கணவாய்க்கு மேற்கே உள்ள எல்லையைப் பற்றிப் பேசவே சீனா மறுத்தது. முடிவில் ஒரே அட்டைக்குள் இரண்டு தனித்தனி அறிக்கைகள். இந்தியா 1961 பிப்ரவரியில் அவற்றை வெளியிட்டது. இந்தியாவின் வாதம் உழைப்போடு, விரிவாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. அது நாட்டுக்குள் ஏற்படுத்திய விளைவு வேறு: நம் உரிமை நிரூபணமாகிவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது என்ற எண்ணம் பலப்பட்டது. ஒரு நல்ல வழக்கறிஞர் வாதம், தீர்ப்பு சொல்ல நீதிபதி இல்லாத இடத்தில், சமரசத்தைக் கடினமாக்கிவிடும். 1961 நவம்பரில் இந்தியா முன்னோக்கிச் சாவடிகள் அமைக்க உத்தரவிட்டது. பேச்சுக்கான நேரம் அத்துடன் தீர்ந்தது.

பிறகு

எல்லா முறிவுகளும் இப்படி முடிவதில்லை. 1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் உடன்பாடின்றி முகம் இறுகப் பிரிந்தார்கள். விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தின் சோதனைகளை ஆய்வகத்துக்குள் மட்டும் வைப்பதா என்பதில் முட்டி நின்றது. ஆனால் அந்த இரண்டு நாட்களில் ஒவ்வொருவரும் எதுவரை வரத் தயார் என்பதை மற்றவர் எண்களோடு கேட்டுவிட்டார். 1987 டிசம்பரில் நடுத்தரத் தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டெல்லியில் 20 மணி நேரம் பேசிய பிறகும் மறுதரப்பின் கடைசி எல்லை என்ன என்பது இருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. முறிவு என்ற ஒரே பெயரால் அழைத்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு.

1962 நவம்பர் 21 அன்று சீனா தானாகப் போர்நிறுத்தம் அறிவித்தபோது, 1959 நவம்பர் 7 அன்றைய கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 20 கிலோமீட்டர் பின்வாங்குவதாகச் சொன்னது. சூ என்லாயின் பழைய கடிதத்தில் இருந்த அதே கணக்கு. 1980இல் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் கிழக்கு–மேற்கு பரிமாற்ற யோசனையை மறுபடி எடுத்தார். 1985இல் சீனா கிழக்கில்தான் இந்தியா பெரிதாக விட்டுத்தர வேண்டும் என்று மாற்றிக்கொண்டது. 1959இல் இந்தியா ஏற்க மறுத்த அசல் கட்டுப்பாட்டுக் கோடு என்ற சொல் 1993 ஒப்பந்தத்தில் இரு நாடுகளின் கையெழுத்தோடு இடம்பெற்றது. அந்தக் கோடு எங்கே போகிறது என்பதில் மட்டும் உடன்பாடு வரவில்லை.

அதைத் தெளிவாக்க வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ளும் முயற்சி நடந்தது. சர்ச்சை குறைந்த நடுப்பகுதிக்கு 2000இல் பரிமாறினார்கள். 2002இல் மேற்குப் பகுதி வரைபடங்களை மேசையில் காட்டியதோடு அந்த முயற்சி நின்றுவிட்டது. ஒவ்வொருவர் வரைபடத்திலும் கோடு மறுபக்கம் நகர்ந்திருந்தது. காட்டிய கோடு நாளைக்குத் தன் கடைசிப் பேச்சாகப் பதிவாகிவிடும் என்பதால், உண்மையில் ஏற்கத் தயாரான கோட்டை முதலில் காட்ட யாரும் துணியவில்லை. 2003 முதல் இரு நாட்டுச் சிறப்புப் பிரதிநிதிகள் 20 சுற்றுகளுக்கு மேல் பேசியிருக்கிறார்கள். மேற்குப் பகுதி வரைபடங்கள் இன்னும் பரிமாறப்படவில்லை.